ஈ.டி.யின் வாயில் இன்னும் கொஞ்சம் பெயர்கள்: யுனிவர்சல் கிரியேட்டிவ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

யுனிவர்சல் பூங்காக்களின் ரைடுகளை வடிவமைக்கும் யுனிவர்சல் கிரியேட்டிவ் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடல் தமிழில் இருக்கிறதே என்று தள்ளி வைத்துவிட வேண்டாம். ஆர்லாண்டோவில் தமிழர் ஒருவர்கூட இல்லாத கம்ப்யூட்டர் பிரிவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பெயர்களைப் பற்றியது. அதை என் பெயர் முழுதாக இருக்கிற மொழியில் சொன்னால்தான் சரியாக வரும்.

போன வாரம் மகளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "அம்மா, ஈ.டி.யை எடுத்துடப் போறாங்களாம்." கூடவே அழுகிற முகம் மூன்று. அவளுக்கு வயது இருபத்தேழு. ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் வந்த வேற்றுக்கிரகவாசி ஈ.டி.யை வைத்து உங்கள் ஆர்லாண்டோ பூங்காவில் ஓடுகிற ரைடைத்தான் சொல்கிறாள்.

எனக்கு இந்த வதந்தி புதிதில்லை. உங்கள் பூங்காவில் ஒரு பலகை மாறினாலும், ஒரு மறைப்புத் தட்டி எழும்பினாலும், "அடுத்தது ஈ.டி.தான்" என்று கிளம்பிவிடும். மூடப் போகிறார்கள் என்பார் ஒருவர். பொம்மைகளைக் கழற்றிவிட்டு உள்ளே திரைகளை மாட்டப் போகிறார்கள் என்பார் இன்னொருவர். நாங்கள் வரிசையில் நிற்கிற அந்தச் செயற்கைக் காட்டைப் பாதியாக வெட்டிக் கடை போடப் போகிறார்கள் என்பார் மூன்றாமவர். ஸ்பீல்பெர்க் இருக்கும்வரை யாரும் கை வைக்க முடியாது என்று ஆறுதல் சொல்ல எப்போதும் ஒருவர் வருவார். இவற்றில் எது உண்மை என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்த வதந்தி ஏன் ஒவ்வொரு முறையும் எங்களைப் பிடித்து உலுக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃபுளோரிடா 1990 ஜூன் 7 அன்று திறந்தது. அன்றைக்கு கிங்காங், பூகம்பம், ஜாஸ் என்று பெரிய ரைடுகள் எல்லாம் மாறி மாறிப் படுத்துக்கொண்ட கதை ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஜாஸை மொத்தமாகப் பிரித்துக் கட்டி 1993இல்தான் மறுபடி ஓடவிட்டீர்கள். கிங்காங் 2002இல் போனது. 'பேக் டு தி ஃபியூச்சர்' 2007இல் போனது. ஜாஸை 2012 ஜனவரி 2ஆம் தேதி மூடினீர்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் எங்களுக்குச் சொன்னீர்கள்! பூகம்பம் பெயர் மாறி, வேடம் மாறி, 2015இல் அதுவும் அடங்கியது. முதல் நாளிலிருந்து இன்றும் ஓடுகிற ரைடு என்று எண்ணினால் ஈ.டி. ஒன்றுதான். ஹாலிவுட் பூங்காவிலும் ஒரு ஈ.டி. இருந்தது, 2003இல் மூடினீர்கள். ஒசாகாவில் இருந்தது 2009இல் போயிற்று. உலகத்திலேயே மிச்சம் இந்த ஒன்று.

2023 ஜனவரியில் அதைச் சுற்றியிருந்த உட்டி உட்பெக்கர் குழந்தைகள் பகுதியை மூடினீர்கள். 2024 ஜூனில் அங்கே டிரீம்வொர்க்ஸ் லேண்ட் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் சாலையை அகலப்படுத்தும்போது கடைகள், திண்ணைகள், புளியமரங்கள் எல்லாம் போய், வேப்பமரத்தடிப் பிள்ளையார் மட்டும் நடுவில் உட்கார்ந்திருப்பாரே, ஈ.டி. கட்டடம் அப்படித்தான் நின்றது. பிள்ளையாரை விட்டுவைத்த ஒப்பந்தக்காரரை ஊர் வாழ்த்தும். ஆனால் சாலைக்காரர்கள் திரும்ப வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகும்.

இனி என் கதை. 1998இல் என் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து டாம்பாவுக்கு என் பிரசவத்துக்காக வந்திருந்தார்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், "வந்ததுக்கு எங்கேயாவது கூட்டிட்டுப் போ, தொட்டில் ஆட்டியே ஆறு மாசம் போயிடும் போலிருக்கு" என்று அப்பா கேட்டார். ஜூலை மாத வெயில். உங்கள் பூங்காவில் வெயில் தலையில் இறங்கும், மூன்று மணிக்கு மழை கொட்டும், மூன்றரைக்கு மறுபடி வெயில். அப்பா வேட்டியை விட்டுவிட்டு பேன்ட் போட்டிருந்தார். அம்மா சுங்குடிப் புடவையும் என்னுடைய ஸ்போர்ட்ஸ் ஷூவும்.

குழந்தையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஈ.டி. வரிசையில் நின்றோம். ஸ்பீல்பெர்க் திரையில் வந்து, ஈ.டி.யின் கிரகம் செத்துக்கொண்டிருக்கிறது, அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு என்று வேலையைக் கொடுத்தார். அப்புறம் ஒரு மேசை. அங்கே நின்ற பெண் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கணினியில் தட்டி, கையில் ஒரு அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிரகம் விட்டுக் கிரகம் போக பாஸ்போர்ட்.

அப்பாவின் பெயர் சாமிநாதன். அவள் கேட்டதும் அப்பா ஒரு நொடி தயங்கினார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, ஒரு பையன் பெயரைக்கூடச் சுருக்கிக் கூப்பிடாத மனிதர், "சாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் யோக்கியமில்லை. கயல்விழி என்ற பெயரை இங்கே வந்த முதல் மாதமே 'கே' என்று வெட்டிவிட்டேன். அதில் ஒரு ழகரம் இருக்கிறது, அதை யாரிடமும் கொடுத்துப் பரீட்சை வைப்பதில்லை. அம்மா மட்டும் "மீனாட்சி" என்று முழுதாகச் சொன்னாள். அப்பா அவசரமாக, "மீனா, மீனா போதும்" என்று திருத்தினார்.

கதவு திறந்தது. வெளியே தொண்ணூறு டிகிரி. உள்ளே ராத்திரி, காடு, சில்வண்டுச் சத்தம், குளிர். அப்புறம் அந்த வாசனை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதைத் தொட்டால்தான் நாங்கள் உண்மையிலேயே தெருவுக்கு வருவோம். பைன் மரமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அது கெட்டியாக, குளிர்ச்சியாக மூக்கில் ஏறி அன்று முழுக்கச் சட்டையில் இருக்கும். அதை மெழுகுவர்த்தியில் ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் (வாங்கியவர்களில் நானும் ஒருத்தி, கணவர் அதைக் கழிவறை மெழுகுவர்த்தி என்கிறார்). அப்பா அங்கே நின்று மூச்சை இழுத்து, "கொடைக்கானல்" என்றார். ஒரே சொல். ஃபுளோரிடாவில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருபது நிமிட நடையில், ஒரு தகரக் கட்டடத்துக்குள்ளே கொடைக்கானல். இதற்குத் திரையும் வேண்டாம், முப்பரிமாணக் கண்ணாடியும் வேண்டாம். இருட்டும் குளிரும் வாசனையும் போதும். இருட்டில் உயரமாக நின்றபடி ஈ.டி.யின் குரு பொட்டானிகஸ் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வரிசையில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். உலகத்தில் எத்தனை வரிசைகளுக்கு அந்தப் பெருமை உண்டு? நான் ரேஷன் கடை வரிசையிலும் நின்றிருக்கிறேன், விசா வரிசையிலும் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியும்.

அப்புறம் சைக்கிள். மேலே தண்டவாளத்தில் தொங்குகிற சைக்கிள் வரிசைகள், முன்னால் கூடையில் வெள்ளைத் துணி போர்த்திய ஈ.டி. சைக்கிளில் ஏற முடியாதவர்களுக்கு உட்கார்ந்து போகிற வேறு வண்டி உண்டு என்று ஊழியர் அம்மாவின் புடவையைப் பார்த்துக் காட்டினார். அம்மா மறுத்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடையாது. அண்ணன்கள் மணிக்கு இத்தனை பைசா என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதை வாசலில் நின்று பார்த்தவள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கம்பியை மடிமேல் இறக்கிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் வாழ்க்கையில் ஓட்டிய முதல் சைக்கிள். அது போலீஸ் வண்டிகளின் வெளிச்சத்தைத் தாண்டி, மரங்களுக்கு மேலே எழும்பி, கீழே ஊர் முழுக்க விளக்குப் புள்ளிகளாகத் தெரிய, நிலாவைப் பார்த்துப் பறந்தது. அம்மா பெடல் மிதித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் பெடல் கிடையாது.

ரைடின் இரண்டாம் பாதியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கிரகம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. முகம் வைத்த செடிகள், பாட்டுப் பாடும் குட்டி ஈ.டி.க்கள், கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு மாதிரி நிறங்கள். 1982இல் வந்த படத்தில் இதெல்லாம் கிடையாது. படம் முடிந்த இடத்திலிருந்து இந்த ரைடு கதையை நீட்டுகிறது. அந்தத் தொடர்ச்சியைப் படமாக யாரும் எடுக்கவில்லை, வேறு எந்தத் தியேட்டரிலும் பார்க்க முடியாது. பொம்மைகள் வாயசைப்பதற்கும் குரலுக்கும் எப்போதும் ஒரு சின்னப் பிணக்கு இருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் "என்னடா இது" என்று சிரிப்பார்கள். எங்களுக்கு அது தெரியாமலில்லை. பழைய நாடகக் கம்பெனியில் பின்திரை ஆடும், ராஜாவின் மீசை ஒரு பக்கம் கழன்றிருக்கும். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை.

கடைசியில்தான் விஷயம். கிரகம் பிழைத்துக்கொள்கிறது. ஈ.டி. உங்களைப் பார்த்து விடைகொடுக்கிறான், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி. மேசையில் அந்தப் பெண் தட்டிய பெயர், நாம் கொடுத்த அட்டை வழியாகப் போய், அவன் வாயிலிருந்து வருகிறது. கரகரத்த, தயங்கித் தயங்கிப் பேசுகிற குரல். ஆயிரக்கணக்கான பெயர்களைப் பதிந்து வைத்து அதில் எடுத்துக் கோத்து விடுகிறீர்கள் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று தெரியாது. "கே" வந்தது. "சாம்" வந்தது. அதற்கடுத்து வந்தது "மீனா"வா "டீனா"வா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "இத்தனை தூரம் பறந்து போய் அவன் ஊரைக் காப்பாத்திக் குடுத்திருக்கோம். முழுப் பேரைச் சொல்லியிருந்தா பாவம் அவனும் சொல்லிப் பார்த்திருப்பான்." அப்பா பதில் பேசவில்லை. அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருந்ததில் அவருக்கு வருத்தம். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்றிருந்தாராம்.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள்தான். அமெரிக்காவில் இருக்கிற தமிழ் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான் யோசிக்கின்றன: பள்ளிக்கூடத்தில் டீச்சர் வாயில் உடையாத பெயராக இருக்கட்டும். தள்ளுவண்டியில் வெளியே தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் பெயர் நிலா. அவளுக்கு மூன்று வயதானபோது உங்கள் ஊழியர் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தினார். முப்பத்துநான்கு அங்குலம் வேண்டும். தாண்டிவிட்டாள். விடைபெறும் இடத்தில் சைக்கிள்கள் எழுப்பிய சத்தத்தில் ஈ.டி. சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதாம். இரவு முழுக்க அதே கரகரத்த குரலில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆகையால், மாற்றம் என்று வதந்தி வரும்போது நாங்கள் எல்லா மாற்றத்தையும் எதிர்க்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். தோல் கிழிந்த பொம்மைக்குப் புதுத் தோல் போடுங்கள். விளக்கு மாற்றுங்கள். வாயசைப்பைச் சரிசெய்யுங்கள், முடிந்தால் ஒரு மீசையை மட்டும் எங்களுக்காகக் கழன்றபடி விடுங்கள். உங்களால் முடியாத வேலையில்லை இது. 2025 மே மாதம் திறந்த உங்கள் புதுப் பூங்கா எபிக் யுனிவர்ஸில் ஃபிராங்கன்ஸ்டைன் ரைடைப் பார்த்தவர்கள், பொம்மைகள் உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்கிறார்கள். அந்தக் கை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் கைகளில் இரண்டை ஒரு மாதம் ஈ.டி.க்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறோம். 2013இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், 2017இல் ஜிம்மி ஃபாலன், 2018இல் ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் என்று அடுத்தடுத்துத் திரை ரைடுகளாக வந்தபோது அலுத்துப்போன அதே ஜனங்கள்தான் நாங்கள். திரை பார்க்க எங்களுக்கு வீட்டில் சோபா இருக்கிறது.

இன்னொன்று. மூடுகிற ரைடுகளுக்கு நீங்கள் மரியாதை செய்கிற விதம் எங்களுக்குத் தெரியும். மம்மி ரைடின் புதையல் அறையில் ஒரு குட்டி கிங்காங் சிலை ஒளிந்திருக்கிறது. ஜாஸ் சுறா கயிற்றில் தொங்கிப் படம் பிடிக்கக் காத்திருக்கிறது. 'பேக் டு தி ஃபியூச்சர்' காரும் ரயிலும் வெயிலில் நிற்கின்றன. அழகுதான், நானும் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் அது கூடத்தில் மாலை போட்டு மாட்டிய படம். ஈ.டி.யைக் கடைவாசலில் கூடையோடு உட்காரவைத்து அப்படியொரு படம் மாட்டிவிடலாம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள். படம் பெயர் சொல்லாது.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டிய ஒரு மாற்றத்தைக் கேட்கிறேன். பெயர்களைக் கூட்டுங்கள்.

1990இல் ஆர்லாண்டோவுக்கு வந்த கூட்டம் வேறு. இன்று அந்தக் காட்டு வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் ஸ்பானிஷ், போர்த்துகீசியம், தெலுங்கு, குஜராத்தி, தமிழ் எல்லாம் கேட்கும். அத்தனை பேரும் அந்த மேசைக்கு வந்ததும் மனசுக்குள் ஒரு சின்ன வெட்டு வெட்டிக்கொள்கிறார்கள். நாங்களாகவே வெட்டிக்கொள்கிறோம், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் ஒரு தாத்தா தயங்காமல் இருக்க வழி செய்ய முடியும் என்றால் செய்யலாமே. உங்கள் தொழிலில் இது கோடிகள் கேட்கிற வேலையும் இல்லை. புதுத் தண்டவாளம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், ஒலிப்பதிவுக்கூடத்தில் சில நாட்கள். இப்போது கணினியே எந்தப் பெயரையும் எந்தக் குரலிலும் சொல்லிவிடும் என்று உங்களில் ஒரு இளைஞர் கை தூக்குவார். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஒரு மனிதர் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, தப்பாகச் சொல்லி, மறுபடி சொல்லி, ழகரத்தோடு மல்லுக்கட்டிப் பதிய வேண்டும். ஈ.டி.யும் சொற்களை அப்படித்தான் கற்றுக்கொண்டான், குழந்தைகளிடமிருந்து, தட்டுத்தடுமாறி. அவன் குரலில் அந்தத் தடுமாற்றம் இருக்கட்டும்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. முழங்கால் சரியில்லை, சைக்கிளுக்குப் பதில் உட்கார்ந்து போகிற வண்டிதான் அவருக்கு. அம்மா சைக்கிளை விட்டுக்கொடுக்க மாட்டாள், கேட்டுவிட்டேன். வருகிற மார்கழியில் இருவரும் வருகிறார்கள். அதுவரை அந்தக் கட்டடத்தின்முன் மறைப்புத் தட்டி எதுவும் எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை மேசையில் முழுப் பெயரையும் சொல்லப்போவதாக அப்பா நேற்று தொலைபேசியில் சொன்னார். வாத்தியார் அல்லவா, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதச் சொல்லிக் குறிப்பும் கொடுத்தார்: சா, மி, நா, தன். 'சா'வும் 'நா'வும் நெடில். 'மி'யை இழுக்கக் கூடாது.

இப்படிக்கு,
கயல்விழி
டாம்பா, ஃபுளோரிடா